சிங்காநல்லூர்ல ஏரியா வரலாறு நிகழ்ச்சி ஆரம்பிக்கிறோம், எதுல தொடங்கறதுங்க?

கேட்டவர்: சிங்கை வாசி

எல்லாருக்கும் வணக்கமுங்க. சிங்காநல்லூர்ல நாங்க ஒரு பத்து பன்னெண்டு பேரு சேர்ந்து மாசத்துக்கு ஒருக்கா நம்ம ஏரியா வரலாறப் பத்தி ஏதாச்சும் செய்யலாம்னு பேசிட்டிருக்கோம். எங்க பசங்களுக்கு சிங்காநல்லூர்னா பஸ் ஸ்டாண்டும் டிராபிக்கும்தான், 1981ல கோயமுத்தூர் கார்ப்பரேஷன்ல சேர்ற வரைக்கும் இது தனி நகராட்சியா இருந்துச்சுன்னு சொன்னா நம்ப மாட்டேங்கறாங்க. ஒருத்தரு வேன் புடிச்சு பேரூர் கோயிலுக்குப் போலாம்ங்கறாரு, இன்னொருத்தரு டவுன்ஹால் பக்கம் நடந்து சுத்தலாம்ங்கறாரு. எனக்கென்னமோ நம்ம தெருவுலயே ஆரம்பிக்கணும்னு தோணுது. எங்கம்மிச்சி, அதாவது அம்மாவப் பெத்தவங்க, மில்லுல ரீலிங்ல, நூலச் சிட்டமா சுத்தற பிரிவுல இருந்தவங்க, போன தை மாசம் தவறிட்டாங்க. ஒரு நாள்கூட உக்காந்து அவங்ககிட்ட எதுவும் கேட்டு வெக்கலயேன்னு வெசனமாவே இருக்குது. கையில காசு பெருசா இல்லீங்க, செஞ்சு பாத்தவங்க சொல்லுங்க.

பதில்: பீளமேடு ஓரம்

தெருவுலயே ஆரம்பிங்க, அதான் சரி. பேரூர் கோயில் எங்கயும் போயிறாது, மில்லுல வேலை செஞ்ச ஆளுகதான் ஒவ்வொருத்தரா போயிட்டிருக்காங்க.

நாங்க மொத தடவ ஹால் புடிச்சு மைக் வெச்சு ஒருத்தர பேச வெச்சோம், பெரியவங்க வந்தாங்க, கேட்டாங்க, எந்திரிச்சுப் போயிட்டாங்க, ஒரு வார்த்தை பேசல. அடுத்த தடவ ஒரு பெரிய சார்ட்டுல ரோடு மட்டும் வரைஞ்சு டீக்கடைக்குப் பக்கத்துல பெஞ்சு மேல விரிச்சு வெச்சுட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டோம், உங்க வீட்டுக்கு எந்த மில்லு சங்கு கேக்கும்னு. அவ்வளவுதாங்க, சித்த நேரத்துல ஒரே சத்தம், இல்லப்பா அது காலைல முதல் ஷிப்ட்டுக்கு, இது ராத்திரி சங்கு, எங்காத்தா இந்த சங்குக்குத்தான் அடுப்பு பத்த வெக்கும்னு. ஒருத்தர் நூல் நூக்கற மிஷின் பாக்கற சைடரா இருந்தவரு, ஒருத்தர் ஆள் வராத அன்னிக்கு மட்டும் வேலைக்கு எடுக்கற பதிலியாவே பல வருஷம் ஓட்டினவரு, எல்லாம் அங்கதான் தெரிஞ்சுது. லைன் வீடு எங்க இருந்துச்சு, கூலி வாங்கின அன்னிக்கு சந்தை எங்க கூடும், எல்லாத்தையும் அவங்களே பேனா வாங்கி குறிச்சாங்க.

அதுக்கப்பறம் பசங்களுக்கு நாம சேர்த்துச் சொல்லிக்கலாம். 1888ல ஸ்டேன்ஸ் துரை மில்லு வந்தது, 1930கள்ல நீலகிரி பைக்காராவுல இருந்து கரண்ட் வந்ததும் வரிசையா மில்லுக பெருகுனது, 1955ல தமிழ்நாட்டுலயே மொதல்ல ஈஎஸ்ஐ, அதான் தொழிலாளிங்களுக்கான மருத்துவக் காப்பீடு, கோயமுத்தூர்ல வந்தது. ஆளுக வாயில கேட்டதுக்கு அப்பறம் இந்த வருஷமெல்லாம் சொன்னீங்கன்னா மனசுல நிக்கும், முன்னாடியே சொன்னா நிக்காது.

இன்னொண்ணு. பழைய போட்டோ கொண்டு வரச் சொன்னா, அங்கயே போன்ல எடுத்துட்டு கையோட திருப்பிக் குடுத்துருங்க, ஒரு நாள்கூட வெச்சுக்காதீங்க. போட்டோவுல யாரு யாருன்னு அவங்க சொல்றத ரெக்கார்டும் பண்ணிருங்க. அப்பறம் ஞாயித்துக்கெழம காலைல வெச்சா பொம்பளைங்க வர மாட்டாங்க, அன்னிக்கு வீட்டுல கறி சமைக்கற நேரம். பொழுதோட, சாயங்காலமா வெய்யுங்க. ரீலிங் அம்மாக்கள் சொல்ற கதை ஆம்பளைங்க யாருக்கும் தெரியாது.

பதில்: திருச்சி ரோட்டுக்காரன்

சென்ட்ரல் ஸ்டுடியோவ மறந்துறாதீங்க, அது சிங்காநல்லூர் சொத்து. எம்ஜிஆரும் கலைஞரும் இங்க இருந்து வேலை பாத்தது எல்லாருக்கும் தெரியும். நீங்க தேட வேண்டியது செட்டு போட்ட ஆசாரி, லைட்டு புடிச்சவரு, சாப்பாடு கொண்டு போன வீடு. அவங்க இல்லாட்டி அவங்க பிள்ளைங்க இருப்பாங்க. அப்படியே புலியகுளம் பட்சிராஜா ஸ்டுடியோ ஆளுகளயும் விசாரிங்க.

பதில்: குளத்தங்கரை

மில்லு மில்லுன்னே போயிட்டா அதுக்கு முன்னாடி இருந்த ஊரு விட்டுப் போயிருமுங்க. சிங்காநல்லூர் குளத்துக்கு நொய்யல் தண்ணி வாய்க்காவுல வந்து கீழ வயலுக்குப் பாஞ்ச காலத்தப் பாத்த தோட்டத்துக்காரங்க இன்னும் சிலபேரு இருக்காங்க. எந்த வாய்க்கா எந்த ரோடா ஆச்சுன்னு அவங்களக் கூட்டிட்டு நடந்தாலே ஒரு காலைப் பொழுது போதாது. பிளேக் மாரியம்மன் கோயில்லயும் நின்னு கேளுங்க, சீக்கு வந்தப்ப ஊரக் காலி பண்ணிட்டு தோட்டத்துக்குப் போனதா எங்கப்பாரு சொல்லுவாரு.

ஜனவரி 8 பத்தியும் சொல்லணும். 1946ல அன்னிக்குத்தான் சின்னியம்பாளையம் மில்லுத் தொழிலாளிங்க நாலு பேர கோவை ஜெயில்ல தூக்குல போட்டாங்க. தொழிற்சங்கத்துக்காரங்க அவங்கள நினைச்சு அஞ்சலி செலுத்தறாங்க, நீங்க தனியா ஒண்ணு நடத்தாம அதுலயே போய் நில்லுங்க, பசங்களயும் கூட்டிட்டுப் போங்க.

பதில்: சிங்கை வாசி

ரொம்ப நன்றிங்க. படிச்சுட்டு நேத்தே கூடிப் பேசிட்டோம். பேரூர் வேன் இப்போதைக்கு வேண்டாம், மொதல்ல சங்கு மேப், சனிக்கெழம பொழுதோட, உழவர் சந்தைப் பக்கம் ஒருத்தர் வீட்டுத் திண்ணையில. ரெண்டாவது மாசம் வாய்க்கா நடை. குளத்தங்கரை அய்யா சொன்னது சரிதான், அதையும் விட மாட்டோம். எங்கம்மிச்சியோட ஈஎஸ்ஐ கார்டு பீரோவுல இருந்துச்சு, அவங்க கூட ரீலிங்ல இருந்த ஒரு பாட்டி ரெண்டு தெரு தள்ளி இருக்காங்களாம், கார்ட எடுத்துட்டு நாளைக்கு அவங்க வீட்டுக்குப் போறேன்.