பதின்ம வயதுப் பெண்களுக்குச் சொல்லப்பட்ட பழைய அறிவுரைகள்: உங்கள் காதில் விழுந்தவை எவை?

செம்பூர்வாசி:
மும்பை மாட்டுங்காவில் என் அத்தையின் வீட்டைக் காலி செய்தபோது, டிரங்குப் பெட்டியின் அடியில் ஒரு கோடு போட்ட நோட்டுப் புத்தகம் கிடைத்தது. அறுபதுகளின் ஆங்கிலப் பெண்கள் இதழ்களிலிருந்து வெட்டி, பசை தடவி அவர் ஒட்டியிருந்த துணுக்குகள் அத்தனையும், இளம்பெண்கள் ஆண் நண்பர்களிடம் நடந்துகொள்ள வேண்டிய முறையைப் பற்றியவை: அவன் பேச்சைக் கேட்டுக்கொண்டிரு, உனக்குத் தெரிந்ததைக் காட்டிக்கொள்ளாதே, நீயாகத் தொலைபேசியில் அழைக்காதே. பதினாறு வயதான என் மகள் உரக்கப் படித்துச் சிரித்துவிட்டு, "பாட்டி இதையெல்லாம் கடைப்பிடித்தார்களா?" என்று கேட்டாள். அத்தை மணம் செய்துகொள்ளாமலே வங்கியில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். உங்கள் வீடுகளில் இவை எந்த வடிவில் வந்தன?

கிங்ஸ் சர்க்கிள் மாமி:
எங்களுக்கு 'டேட்டிங்' என்ற சொல்லே வந்து சேரவில்லை. "முகம் கொடுத்துப் பேசாதே" என்பதில் எல்லாம் அடங்கிவிட்டது. ஆனால் தொலைபேசி பற்றிய அறிவுரையை நான் கேலி செய்ய மாட்டேன். எங்கள் கட்டடத்தில் மூன்று மாடிக்கும் சேர்த்து, கீழே மளிகைக்கடையில் இருந்த, அழைப்பு வந்தால் ஆளைக் கூப்பிட்டுவிடும் பி.பி. நம்பர் ஒன்றுதான். உடன் படித்தவன் ஒருவன் பாடக் குறிப்பு கேட்டு அழைத்தபோது, கடைப் பையன் படிக்கட்டில் நின்றபடியே அவன் பெயரையும் என் பெயரையும் சேர்த்துக் கூவினான். நான் இறங்கி வருவதற்குள் மூன்று வீட்டு வாசல்களில் ஆள் நின்றது.

தானேக்காரன்:
அறிவை மறைத்துக்கொள்ளச் சொன்னதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. 1949இல் அமெரிக்காவின் கோரோனெட் நிறுவனம் பள்ளிகளுக்காக எடுத்த ஒரு குறும்படத்தில், எந்தப் பெண்ணை அழைத்துச் செல்லலாம் என்று யோசிக்கும் பையன், அழகான ஒருத்தியை, அவள் முன் தான் தாழ்ந்து தெரிவோம் என்று தள்ளிவிடுகிறான். அமெரிக்காவைச் சொல்வானேன், பெண் பார்க்க வந்தவர்கள் முன் தங்கப் பதக்கத்தைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது என்று என் தங்கைக்கும் சொன்னார்கள். பையன் வெறும் பி.காம்.

டோம்பிவிலி வாசகி:
ஒன்றை மட்டும் எறிந்துவிடாதீர்கள். உடன் வந்தவனோடு மனத்தாங்கல் ஏற்பட்டால் தனியே வீடு திரும்புவதற்கென்று அமெரிக்கப் பெண்கள் 1920களிலேயே கொஞ்சம் காசு மறைத்து வைத்துக்கொள்வார்கள்; அதற்கு 'மேட் மணி' என்று பெயர். அந்தப் பெயரை அறியாத என் அம்மாவும் ஜாக்கெட்டின் உட்புறம் ஐந்து ரூபாய்த் தாளை ஊக்கால் குத்தித்தான் என்னை அனுப்புவார்.

செம்பூர்வாசி:
மகளிடம் படித்துக் காட்டினேன். "ஜிபே இருக்கிறதே" என்றாள். போன வாரம் ஹார்பர் வண்டியில் கைப்பேசி அணைந்துபோய், குர்லா நிலையத்தில் யாரோ ஒரு அக்காவிடம் ஆட்டோவுக்குக் காசு வாங்கியதை நினைவூட்டினேன். இப்போது கைப்பேசி உறைக்குள் இரண்டு நூறு ரூபாய்த் தாள்கள் இருக்கின்றன.