ஆசாரியை வைத்து அலமாரி செய்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள், கூலி எப்படிப் பேசுவது என்பதையும்

தேவகோட்டையிலிருந்து:
தாத்தா வீட்டுப் பின்கட்டை இறக்கியபோது கிடைத்த பர்மா தேக்கை விற்க மனம் வரவில்லை. எங்கள் பக்கம் இப்படி இறங்கும் மரமெல்லாம் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளுக்குப் போய்விடும். நாங்கள் அதிலேயே படுக்கையறைக்குச் சுவர் அலமாரி செய்துகொண்டோம்.

ஆசாரி வயதானவர். முதல் வேலையாக ஒவ்வொரு கட்டையிலும் காந்தத்தை ஓட்டி ஆணி தேடினார். உள்ளே முறிந்து கிடக்கும் ஓர் ஆணி போதுமாம், இழைக்கும் மெஷினின் பிளேடு போய்விடும். கறுத்துக் கிடந்த பலகையை இழைக்க இழைக்கப் பொன்னிறம் வந்தது. தேக்கெண்ணெய் வாசனை வீடு முழுக்க.

கதவுக்கு நாலு பக்கமும் சட்டம் கூட்டி, நடுப்பலகையைச் சட்டத்தில் வெட்டிய காடிக்குள் (நீளப் பள்ளம்) செருகியதோடு விட்டுவிட்டார். பசையும் இல்லை, ஆணியும் இல்லை. "ஆடாதாங்கய்யா?" என்று கேட்டேன். "ஆடட்டும் தம்பி. மழைக்கு அகலவாக்குல ஊதும், வெயிலுக்குச் சுருங்கும். இறுக்கி ஒட்டினா ஒண்ணு பலகை வெடிக்கும், இல்ல சட்டம் விரியும்" என்றார். ஐப்பசி அடைமழையிலும் அந்தக் கதவுகள் ஒட்டாமல் திறக்கின்றன. சரியாக உலராத புது மரத்தில் செய்த கொல்லைக் கதவைத் தோளால் இடித்துத்தான் திறக்கிறோம்.

குரோம்பேட்டையிலிருந்து:
எங்களுடையது பிளாட். சமையலறை முழுக்க பிளைவுட்தான். கடையில் 710 (தண்ணீர் தாங்கும் மரைன் பிளைவுட்டின் ஐ.எஸ். தர எண்) என்று பேசிப் பணம் கட்டினோம். வண்டியில் வந்து இறங்கிய ஷீட்டில் 303 (பொது உபயோக பிளைவுட்) முத்திரை. 303-லும் ஓரளவு தண்ணீர் தாங்கும் வகை உண்டு. ஆனால் சிங்க் அடியில் 710 இல்லாமல் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்தும் ஒட்டு விடக்கூடாது என்பது அதற்கு வைத்திருக்கும் சோதனை. முத்திரையைக் கவனித்தது கார்பென்டர் தம்பிதான். "அக்கா, வெட்டிட்டா கடையில திரும்ப எடுக்க மாட்டாங்க" என்று வேலையை நிறுத்திவிட்டார். அன்றைய கூலி போகுமே என்று அவர் பார்க்கவில்லை. ஷீட்டை மாற்றி வாங்கினோம். ஐ.எஸ்.ஐ. முத்திரையையும் அதோடு இருக்கும் சி.எம்./எல். என்ற உரிம எண்ணையும் வெட்டும் முன்பே போட்டோ எடுத்துவிடுங்கள். வெட்டிய பிறகு அது எந்தத் துண்டில் போனது என்று தேட முடியாது.

இன்னொன்று, மேடை உயரம். என் அம்மா ஐந்தடிக்கும் குறைவு. கார்பென்டர் தம்பி அவரை அங்கேயே நிற்கவைத்து, முழங்கைக்கு அரைச் சாண் கீழே சுவரில் கோடு போட்டு, 32 அங்குலத்துக்கு எல்லாவற்றையும் கட்டினார். இப்போது சப்பாத்தி தேய்க்கும்போது அம்மாவுக்குத் தோள் வலிப்பதில்லை. ரெடிமேடில் இதை யார் செய்து தருவார்கள்?

மார்த்தாண்டத்திலிருந்து:
எங்கள் பக்கம் ரப்பர் மரம் மலிவாகக் கிடைக்கும். அறுத்த கையோடு போராக்ஸ், போரிக் அமிலக் கரைசல் ஏற்றி உலர்த்தியிருக்கிறார்களா என்று கேட்காமல் வாங்காதீர்கள். அந்த மரத்தில் மாவுச்சத்து அதிகம், வண்டு அதைத் தேடித்தான் வரும். சித்தி வீட்டுக் கட்டிலுக்கு அடியில் பெருக்கப் பெருக்க மாவு கொட்டியது, கடைசியில் கட்டிலையே தூக்கிப் போட வேண்டியதாயிற்று. தேக்கிலும் உள்ளே இருக்கும் வைரத்தை விட்டுவிட்டு, வெளிப்பக்கத்து வெள்ளை மரத்தில் வண்டு விழும். பலகை ஓரத்தில் வெளிறிய பட்டை தெரிந்தால் அதை அறுத்து நீக்கச் சொல்லுங்கள். பாலிஷ் போட்ட பிறகு தெரியாது.

மறுபடி குரோம்பேட்டை:
கூலி கேட்டிருந்தவருக்கு. பிளைவுட் அலமாரிக்குச் சதுர அடிக் கணக்கு பேசினால் பெரும்பாலும் முகப்பின் நீள அகலத்தைத்தான் அளப்பார்கள். உள்ளே எத்தனை தட்டு, எத்தனை இழுப்பறை, பின்பலகை எத்தனை எம்.எம்., கீல் எந்தக் கம்பெனி என்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதி, ஆளுக்கொன்றாக வைத்துக்கொண்ட பிறகு முன்பணம் கொடுங்கள்.