பேக்கலைட் போனில் விரிசல்: ஒட்டிப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

பழைய டயல் போன்களின் பேக்கலைட் (அந்தக் காலத்துக் கெட்டி பிளாஸ்டிக்) உடலில் விரிசல் விட்டால் என்ன செய்தீர்கள், எந்த ஒட்டு நின்றது, எது மறுபடி திறந்துகொண்டது? என் அனுபவத்தை முதலில் வைக்கிறேன்.

என்னிடம் வந்தது பிரிட்டன் அஞ்சல் துறை 1937-இல் கொண்டுவந்த 300 வரிசைக் கறுப்புப் போன். ரிசீவர் உட்காரும் கொம்புக்குக் கீழே தொடங்கி டயல் துளை வரைக்கும் ஒரு மயிரிழை விரிசல். முன்பு வைத்திருந்த யாரோ மேல்பக்கமாகவே சூப்பர் க்ளூவை ஊற்றியிருந்தார்கள். விரிசலின் இரு ஓரமும் வெள்ளை பூத்துக் கிடந்தது. உள்ளே பசை இறங்கவே இல்லை.

பேக்கலைட் ஒருமுறை இறுகிவிட்டால் இறுகியதுதான். லியோ பேக்லேண்ட் 1907-இல் பீனாலையும் ஃபார்மால்டிஹைடையும் சேர்த்து அதை உருவாக்கினார். சூட்டில் இளகாது, அசிட்டோனில் கரையாது. அதனால் சில பிளாஸ்டிக்குகளில் செய்வதுபோல, கரைப்பான் தடவி இரு ஓரத்தையும் இளக்கி ஒன்றாக்கிவிட முடியாது. ஆனால் அதே குணம் ஒருவிதத்தில் கைகொடுக்கிறது: காய்ந்துபோன சூப்பர் க்ளூ அசிட்டோனில் கரையும், பேக்கலைட் அப்படியே இருக்கும். அசிட்டோனில் நனைத்த பஞ்சை விரிசல்மேல் வைத்து, ஊறியதும் பல்குச்சியால் சுரண்டினேன். டயல் அட்டையை மூடியிருந்த செல்லுலாய்ட் தகட்டை முன்பே கழற்றி வைத்துவிட்டேன். அது அசிட்டோன் பட்டால் போயே போச்சு.

அப்புறம் ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் கழுவி, ஹேர் டிரையரை மிதமான சூட்டில் காட்டி ஈரத்தை விரட்டினேன். விரிசலுக்குள் எண்ணெய்ப் பிசுக்கோ ஈரமோ இருந்தால் எந்தப் பசையும் பிடிக்காது.

இங்கேதான் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது. வேலை முழுவதும் உள்பக்கத்தில் நடக்கட்டும், வெளிமுகத்தைத் தொடாதீர்கள். அச்சில் வார்க்கும்போது மேற்பரப்பில் பிசின் செறிந்த ஒரு மெல்லிய தோல் உருவாகிறது. அந்தக் கறுப்புப் பளபளப்பு அதுதான். அதற்கு அடியில் பெரும்பாலும் மரத்தூள் கலந்த பொருள். விரிசலை மறைக்கிறேன் என்று வெளியே உப்புத்தாள் போட்டால் தோல் போய் மரத்தூள் எட்டிப்பார்க்கும். பழுப்படிக்கும், ஈரத்தை உறிஞ்சும். எத்தனை பாலிஷ் போட்டாலும் பழைய முகம் திரும்பாது. உற்றுப்பார்த்தால் தெரிகிற ஒரு கோடு எவ்வளவோ மேல்.

உள்பக்கத்தை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, விரிசலின் இரு பக்கமும் சேரும்படி ரப்பர் பேண்ட் போட்டுப் பிடித்தேன். தண்ணீர்போல் ஓடும் மெல்லிய சூப்பர் க்ளூவை உள்ளிருந்து ஒரு சொட்டு வைத்தால் விரிசலே அதை இழுத்துக்கொள்ளும். வெளியே கசியாதபடி முன்பக்கம் டேப் ஒட்டியிருந்தேன். ஆனால் அந்த சூப்பர் க்ளூ பிடித்துவைக்க மட்டும்தான். அடிபட்டால் படக்கென்று விட்டுவிடும் பசை அது. உண்மையான பலம் அதன்மேல் வைக்கிற ஃபைபர் கிளாஸ் துணியும் எபாக்சியும் தருவது. ஐந்து நிமிட எபாக்சி வேண்டாம், ஒரு நாள் முழுக்கக் காய்கிற வகைதான் நன்றாக ஊறி நன்றாகப் பிடிக்கும். விரிசலைக் குறுக்காகத் தாண்டும்படி துணித்துண்டை வைத்து, கறுப்பு நிறப்பொடி கலந்த எபாக்சியில் ஊறவிட்டேன். மூடி மாட்டும் இடத்தில் துணி இடிக்காதா என்று முன்கூட்டியே பொருத்திப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது அந்தப் போனில் தினமும் பேசுகிறேன். விரிசல் அசையவில்லை.

மறுமொழி:

அருமையான பதிவு நண்பரே. என் போன்களில் விரிசல் அதிகம் வருவது திருகு இறங்கும் குமிழ்களில்தான். பேக்கலைட்டுக்குள் பித்தளை மரை வைத்து வார்த்திருப்பார்கள். சூடு குறையும்போது பேக்கலைட் பித்தளையைவிட அதிகம் சுருங்கும். மரையைச் சுற்றி எப்போதும் ஓர் இறுக்கம் இருந்துகொண்டே இருக்கும். அந்த நிலையில் ஒருவர் திருகை ஒரு சுற்று கூடுதலாக முறுக்கினால் போதும், குமிழ் பிளந்துவிடும்.

இதற்குப் பசை மட்டும் போதாது. குமிழுக்குள் எபாக்சி விட்டு, அது காயும் முன்பே வெளியே பருத்தி நூலை நெருக்கமாகச் சுற்றி, நூலையும் எபாக்சியில் நனைத்துவிடுகிறேன். காய்ந்ததும் வளையம் போட்டதுபோல் இறுகிவிடும். மரையில் எபாக்சி புகாமலிருக்க மெழுகு தடவிய திருகை உள்ளே விட்டு வைப்பேன். அப்புறம் மாட்டும்போது விரல் நுனியால் திருகி, லேசாகப் பிடித்ததும் நிறுத்திவிட வேண்டும்.

மறுமொழி:

ஒரு முக்கியமான விஷயம் விட்டுப்போகக் கூடாது. கையில் இருப்பது பேக்கலைட்தானா என்று முதலில் பாருங்கள். எனக்குக் கிடைத்த தந்த நிறப் போன் அக்ரிலிக். அதில் அசிட்டோன் பட்டிருந்தால் முகமே கெட்டிருக்கும். அமெரிக்காவின் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் 302 இன்னொரு உதாரணம்: 1937-இல் வந்தபோது அதன் உடல் ஜிங்க் வார்ப்பு, 1940-களில் சூட்டில் இளகும் பிளாஸ்டிக்காக மாறியது, ரிசீவர் மட்டும் பேக்கலைட். ஒரே போனில் இரண்டு பொருள். கட்டைவிரலால் சூடேறும்வரை தேய்த்து முகர்ந்தால் பேக்கலைட்டில் மருந்து நெடி வரும். சந்தேகம் தீராவிட்டால் அசிட்டோன் பக்கமே போக வேண்டாம்.

மறுமொழி:

ஓரம் உடைந்து துண்டு காணாமல் போனால் என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லையே, நான் செய்வதைச் சொல்கிறேன். உடையாத மறுபக்க ஓரத்தில் மாவுபோல் பிசைகிற சிலிக்கோன் கலவையை அழுத்தி அச்சு எடுப்பேன். இரு பக்கமும் ஒரே வளைவாக இருக்கும் பகுதிக்கே இது சரிவரும். அச்சை உடைந்த இடத்தில் பொருத்தி, உள்ளிருந்து கறுப்பு எபாக்சியை நிரப்பிவிடலாம். பழைய பேக்கலைட் உதிரியை அராவி அந்தத் தூளைக் கலப்பவர்களும் உண்டு. நிறம் நன்றாகச் சேருகிறது, மறுக்கவில்லை. ஆனால் சில பழைய பேக்கலைட்டில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கும், பார்த்து மட்டும் அது தெரியாது. அதனால் நான் கரிப்பொடியோடு நிறுத்திக்கொள்கிறேன். உள்பக்கத்தைத் தேய்க்கும்போதும் தண்ணீர் விட்டுத் தேய்த்து, முகமூடி போட்டு, ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். காய்ந்த தூளை ஊதவே கூடாது.

மறுமொழி:

நடுவில் இரண்டாக ஒடிந்த ரிசீவர் என்னிடம் இருக்கிறது. இதே முறை சரிவருமா? தினமும் பேசப் பயன்படுத்த ஆசை.

முதல் பதிவர்:

ஒட்டலாம், ஆனால் பேசப் பயன்படுத்த வேண்டாம் என்பேன். கைப்பிடிக்குள் ஒயர் போகும் குழாய் குறுகலானது, துணி வைத்துப் பலப்படுத்த இடம் கிடையாது. ஒடிந்த இரு முகங்கள் மட்டுமே பசையைத் தாங்க வேண்டும். ரிசீவர் ஒருமுறை கைதவறினால் அங்கேதான் விடும். காட்சிக்கு வைக்க ஒட்டுவதென்றால் ஒயர்களைப் படம் எடுத்துவிட்டு வெளியே உருவுங்கள், வாய்மூடியின் மரையில் வாஸ்லின் தடவுங்கள், மெதுவாகக் காயும் எபாக்சியை மெல்லிசாக விட்டு நேராக நிறுத்திக் காயவையுங்கள். வழிவதை காயும் முன்பே ஆல்கஹால் துணியால் துடைத்துவிடலாம். பேசுவதற்கு அதே மாடலில் முழு ரிசீவர் ஒன்றைத் தேடுங்கள், உதிரியாகவே கிடைக்கும்.