மறு: ‘பாட்டில்நெக்’ என்பதற்கு ‘இடுக்கு’ பொருந்துமா?

அன்பர்களுக்கு வணக்கம்.

கடும்பணிக்கான மேசைக்கணினியில் எந்த உறுப்பை முதலில் மாற்றுவது என்பதை விளக்கும் கையேட்டிற்காகத் தொடங்கிய இந்த இழையில், ‘பாட்டில்நெக்’ (மற்ற உறுப்புகள் வேகமாக இருந்தும் வேலை முழுவதையும் மெதுவாக்கும் குறுகிய இடம்) என்பதற்கு இதுவரை ‘முட்டுக்கட்டை’, ‘தடங்கல்’, ‘குப்பிக்கழுத்து’ ஆகிய சொற்கள் முன்வைக்கப்பட்டுள்ளன. நான் ‘இடுக்கு’ என்பதை முன்மொழிகிறேன். எதை வாங்குவது, எதை விடுவது என்ற முடிவு முழுவதும் இந்த ஒரு கருத்தின்மீதே நிற்கிறது. சொல் தவறான பொருளைத் தந்தால் படிப்பவருடைய பணமும் தவறான உறுப்பிற்கே போகும் என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

திருமணக் காணொளிகளைத் தொகுக்கும் ஒருவருடைய கணினியை எடுத்துக்கொள்வோம். ஆறு கோர் (தனித்தனியே கணக்கிடும் பகுதி) கொண்ட செயலி, 16 ஜிபி ரேம் (தற்காலிக நினைவகம்), ஓரளவு நல்ல கிராபிக்ஸ் கார்டு, எல்லாக் கோப்புகளும் ஒரு வன்தட்டில். நான்கு கேமராக்களில் எடுத்த 4கே காட்சிகளை ஒரே நேரத்தில் ஓடவிட்டால் படம் விட்டுவிட்டு நகர்கிறது. தடுமாற்றம் திரையில் தெரிவதால் அவர் கிராபிக்ஸ் கார்டை மாற்ற நினைப்பது இயல்பே. ஆனால் ஒவ்வோர் உறுப்பும் எவ்வளவு உழைக்கிறது என்பதைக் கோடாகக் காட்டும் விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் செயலியும் கார்டும் பெரும்பாலும் காத்திருக்க, வன்தட்டின் கோடு மட்டும் நூறு விழுக்காட்டில் நிற்பதைக் காணலாம். நிமிடத்திற்கு 7200 முறை சுழலும் தட்டு, ஒரு சுற்றுக்கு 8 மில்லிநொடிக்குச் சற்று மேல் எடுத்துக்கொள்கிறது. வேண்டிய தரவு படிமுனைக்குக் கீழே வரச் சராசரியாக அதில் பாதி நேரமும், முனை தடம் மாற மேலும் சில மில்லிநொடிகளும் ஆகும். ஆகவே நான்கு கோப்புகளுக்கிடையே தாவித் தாவிப் படிக்கும்போது, நொடிக்கு நூறு தாவல் என்ற அளவிலேயே அது நின்றுவிடுகிறது.

இங்கே அந்த வன்தட்டில் பழுது ஏதும் இல்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. கடிதமும் கணக்கும் எழுதுபவருக்கு அதே தட்டு போதும். இந்த வேலை அதன் வழியே போகும்போதுதான் அது குறுகலாகிறது. எனவே நாம் தேடும் சொல், கெட்டுப்போன பொருளையோ வழியை அடைத்த பொருளையோ குறிக்கக் கூடாது. ஓட்டம் நிற்காமல், ஆனால் நெருங்கிப்போகும் இடத்தைக் குறிக்க வேண்டும்.

‘முட்டுக்கட்டை’ இந்தச் சோதனையில் தேறவில்லை. தேர்ச்சக்கரத்தை நிறுத்தவும் திருப்பவும் ஒருவர் வேண்டுமென்றே கொடுக்கும் கட்டை அது. எடுத்துவிட்டால் தேர் ஓடும். நம் வன்தட்டை எடுத்துவிட்டாலோ ஓடுவதற்கு எதுவுமே இல்லை. ‘தடங்கல்’ வந்து போவது. இணையம் அறுந்தால் அது தடங்கல். மேலும் ‘தடை’ என்ற அடியை மின்னியலில் ஏற்கெனவே மின்தடைக்குக் கொடுத்துவிட்டோம். ‘குப்பிக்கழுத்து’ பொருளளவில் சரியானதே. ஆனால் அதிலிருந்து வினை பிறக்காது.

வினைதான் ‘இடுக்கு’ என்பதன் வலிமை. ஒடுங்கு–ஒடுக்கு, சுருங்கு–சுருக்கு என்பன போல இடுங்கு–இடுக்கு என்ற தன்வினை, பிறவினை இணை நம்மிடம் ஆயத்தமாக இருக்கிறது. கண் இடுங்கியது என்கிறோம். கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனார் என்கிறோம். சந்து, இண்டு இடுக்கு என்கிறோம். ஆகவே ‘வேலை வன்தட்டில் இடுங்குகிறது’, ‘வன்தட்டு வேலையை இடுக்குகிறது’, ‘வன்தட்டு இடுக்கு’ என மூன்று விதமாகவும் விளக்கமின்றி எழுதலாம். இடப்பெயரிலும் இச்சொல் வாழ்கிறது: குறவன் மலைக்கும் குறத்தி மலைக்கும் நடுவே பெரியாறு நெருங்கிச் செல்லும் இடத்தில்தான் இடுக்கி அணை கட்டப்பட்டிருக்கிறது.

‘இடுக்கு’ ஓர் இடத்தைச் சுட்டுவதால், அது இடம் மாறும் என்பதையும் எளிதாகச் சொல்ல முடிகிறது. கையேட்டில் மிகவும் வற்புறுத்த வேண்டிய செய்தி இதுவே என்று கருதுகிறேன். மேற்சொன்ன கணினியில் வன்தட்டுக்குப் பதிலாகச் சாட்டா என்ற இணைப்பு வகைத் திண்மநிலை வட்டை (சுழலும் தட்டு இல்லாத எஸ்எஸ்டி) போட்டால் நொடிக்கு ஏறத்தாழ 550 மெகாபைட் கிடைக்கும். கேமராவின் சுருக்கப்பட்ட கோப்புகளுக்கு அது தாராளம். ஆனால் வண்ணத் திருத்தம் செய்த காட்சியைச் சுருக்காமல் சேமித்து ஓட்டுபவருக்கு, 3840 × 2160 புள்ளிகள், புள்ளிக்கு 4 பைட் என ஒரு சட்டகமே (காணொளியின் ஒரு தனிப்படம்) 33 மெகாபைட் வரும். நொடிக்கு 25 சட்டகம் என்றால் 830 மெகாபைட்டை நெருங்கும். புதிய வட்டும் அவருக்கு இடுக்காகிவிடும். சாட்டாவைவிட வேகமான பிசிஐ எக்ஸ்பிரஸ் இணைப்பின் மூன்றாம் தலைமுறை வழித்தடம் நான்கைப் பயன்படுத்தும் என்விஎம்இ வகைத் திண்மநிலை வட்டு நொடிக்கு 3000 மெகாபைட்டுக்கு மேல் தரக்கூடியது. அதைப் போட்ட பிறகு இடுக்கு பெரும்பாலும் செயலிக்கோ ரேமுக்கோ நகர்ந்துவிடும்.

நண்பர் ஒருவர், ‘ரேம் பத்தவில்லை’ என்பதும் இடுக்குதானா என்று கேட்டிருந்தார். நல்ல கேள்வி. இரண்டையும் பிரித்தே எழுத வேண்டும் என்பது என் கருத்து. கொள்ளளவு குறைவாக இருப்பதை ‘நினைவகப் போதாமை’ என்போம். தரவு கடக்கும் வேகம் குறைவாக இருப்பதை மட்டும் ‘நினைவக இடுக்கு’ என்போம். டிடிஆர்4-3200 வகை ரேம் ஒரு தடத்தில் (செயலிக்கும் ரேமுக்கும் இடையிலான ஒரு வழியில்) நொடிக்கு 25.6 ஜிபி வரை கடத்தும். 16 ஜிபியை ஒரே பட்டையாகப் போட்டவர் இரட்டைத் தடத்தின் பாதியை இழக்கிறார். அவருக்குக் கொள்ளளவு போதும், ஆனால் இடுக்கு இருக்கிறது. இதற்கு மாறாக, கொள்ளளவு போதாதபோது இயங்குதளம் நினைவகப் பக்கங்களை வட்டுக்கு மாற்றி எழுதத் தொடங்குவதால், வட்டின் கோடு நூறைத் தொடும். இங்கே இடுக்கு வட்டில். காரணமோ நினைவகப் போதாமை. வட்டை மாற்றினால் ஓரளவு தணியும். ரேமைக் கூட்டினால்தான் தீரும். இடத்தையும் காரணத்தையும் வேறுபடுத்த இரண்டு சொற்கள் இருப்பது வாங்குபவருக்கு நேரடியாகப் பயன்படும்.

கணினியியலின் பழைய தொடர்களிலும் சொல்லைப் பொருத்திப் பார்த்தேன். செயலிக்கும் நினைவகத்திற்கும் இடையே எல்லாமே ஒரு குழாய் வழியே போய்வர வேண்டியிருப்பதை, கணினி அறிவியலாளர் ஜான் பேக்கஸ் தம்முடைய 1977 டூரிங் விருது (கணினியியலின் உயரிய விருது) உரையில், அந்த அமைப்போடு பெயர் இணைந்த கணிதவியலாளர் வான் நியூமன் பெயரால் ‘வான் நியூமன் பாட்டில்நெக்’ என்று அழைத்தார். ‘வான் நியூமன் இடுக்கு’ அதற்கு அப்படியே பொருந்துகிறது. ‘வான் நியூமன் முட்டுக்கட்டை’ என்றால் அவரே எதையோ தடுத்ததாகப் பொருள்படும். கணினி வடிவமைப்பாளர் ஜீன் ஆம்தால் 1967இல் முன்வைத்த வாதம் சற்றுக் கடினமான சோதனை: வேலையில் பத்தில் ஒன்பது பங்கைப் பல கோர்களுக்குப் பிரித்துக் கொடுக்க முடிந்தாலும், எஞ்சிய ஒரு பங்கு வரிசையாகவே நடப்பதால், எத்தனை கோர் சேர்த்தாலும் வேகம் பத்து மடங்கைத் தாண்டாது. இங்கே குறுகுவது ஓர் உறுப்பல்ல, வேலையின் ஒரு பகுதி. ‘வரிசைப்பகுதி இடுக்கு’ என்று எழுதினால் பொருள் கெடவில்லை என்றே நினைக்கிறேன்.

‘இடுக்கு’ பேச்சுவழக்காகத் தொனிக்கிறது, ‘இடுக்கம்’ என்று நீட்டலாமே என்ற யோசனையையும் படித்தேன். ‘இடுக்கம்’ பண்புப்பெயர், எவ்வளவு நெருங்கியிருக்கிறது என்ற அளவைச் சொல்லும் தேவை வந்தால் அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம். இடத்திற்கு ‘இடுக்கு’ போதும். தெருவில் எல்லாருக்கும் தெரிந்த சொல்லாக இருப்பதை நான் குறையாகக் கருதவில்லை. கணினிக் கடையில் நின்று பேசும்போதும் அது கைகொடுக்க வேண்டும்.

கையேட்டின் சொற்பட்டியலுக்கு நான் பரிந்துரைக்கும் விளக்கம்: ‘இடுக்கு – குறிப்பிட்ட ஒரு வேலை நடக்கும்போது, மற்ற உறுப்புகள் காத்திருக்கும்படி ஓட்டம் நெருங்கிப்போகும் இடம்.’ செயலியின் வேகமே எல்லையாக அமையும் பணியைச் ‘செயலியில் இடுங்கும் பணி’ என்று எழுதியிருக்கிறேன். இதைவிடச் சுருக்கமான தொகைச்சொல் யாருக்கேனும் தோன்றினால் இழையில் தெரிவிக்க வேண்டுகிறேன்.