மறு: கண்டென்சேட் - தமிழில் என்ன சொல்லலாம்?

நண்பர்களுக்கு வணக்கம். உயிரணுவுக்குள் புரதம், ஆர்.என்.ஏ போன்ற மூலக்கூறுகள் சவ்வில்லாமல் துளிபோலச் சேர்ந்து நிற்பதைத்தான் கண்டென்சேட் என்கிறார்கள். அதற்கு என்ன பெயர் வைக்கலாம் என்ற கேள்விக்கு வந்த யோசனைகளுக்கு என் பதில் இது.

> பாக்டீரியாவின் உள்ளே பொதுவாகச் சவ்வு கட்டிய அறைகள் இல்லையே, "சவ்விலா நுண்ணுறுப்பு" என்றே வைத்துவிடலாமே?

அது போதாது என்பது என் கருத்து. சவ்வின் துணை இல்லாமல் வேதிவினைகளை ஒதுக்கி நடத்த பாக்டீரியாவுக்கு இரண்டு வழிகள் உண்டு. "சவ்விலா" என்றால் இரண்டும் ஒரே மூட்டைக்குள் போய்விடும்.

முதலாவது, ஒளிச்சேர்க்கை செய்யும் சயனோபாக்டீரியாவிலும் வேறு சில பாக்டீரியாக்களிலும் உள்ள கார்பாக்சிசோம். 1973இல் ஷைவ்லி குழுவினர் ஒரு கந்தக பாக்டீரியாவிலிருந்து இதைப் பிரித்தெடுத்துப் பெயரிட்டார்கள். இதற்குச் சவ்வு இல்லை, ஆனால் புரதத்தால் ஆன ஓடு இருக்கிறது. ஆறாறாகச் சேர்ந்த புரதங்கள் முகங்களாகவும், ஐந்தைந்தாகச் சேர்ந்தவை முனைகளாகவும் அமைந்த பலமுகப் பெட்டி. பைகார்பனேட் ஓட்டைக் கடந்து உள்ளே வருகிறது. கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்ற நொதி அதைக் கார்பன் டை ஆக்சைடாக மாற்றுகிறது. அங்கேயே நெருக்கியடித்துக் கிடக்கும் ரூபிஸ்கோ அதைப் பிடித்துக்கொள்கிறது. ரூபிஸ்கோ ஆக்சிஜனையும் பற்றக்கூடிய நொதி. அதனால் அதைச் சுற்றிக் கார்பன் டை ஆக்சைடு செறிந்திருந்தால்தான் வேலை ஒழுங்காக நடக்கும். இந்த வகைக்கு "புரதப்பேழை" என்பது என் பரிந்துரை.

இரண்டாவது வகைக்கு ஓடும் கிடையாது. காலோபாக்டர் கிரெசென்டஸ் என்ற பாக்டீரியாவில், ஆர்.என்.ஏவை வெட்டும் ஆர்.என்.ஏஸ் ஈ என்ற நொதிக்கு நிலையான வடிவமில்லாத ஒரு வால்பகுதி உண்டு. அதன் உதவியால் அந்த நொதி ஆர்.என்.ஏக்களோடு சேர்ந்து துளிபோலத் திரள்கிறது. உள்ளே ஆர்.என்.ஏ வெட்டுப்பட்டுத் தீர்ந்ததும் துளியும் கலைந்துவிடுகிறது. 2018இல் வெளியான ஆய்வு இது. வேலை முடிந்தால் இடமே இல்லாமல் போகும் பணியிடம்! இதைப் படித்த நாளிலிருந்து இதற்குத் தமிழில் ஒரு நல்ல பெயர் வேண்டும் என்று எனக்கு ஒரே தவிப்பு.

> வெறும் "திரள்" போதுமே?

வடிவம் குலைந்த புரதங்கள் ஒன்றோடொன்று ஒட்டி இறுகிப்போவதையும் திரள் என்றுதான் எழுதிவருகிறோம். அது எளிதில் மீளாதது. இது சேர்ந்து கலையக்கூடியது. "திரள்துளி" என்றால் அந்த வேறுபாடு சொல்லிலேயே வந்துவிடும். உருபு ஏற்றாலும் இடறவில்லை: திரள்துளிக்குள், திரள்துளிகளாக.

ஒரு சொல் போதாது என்பதற்கு இன்னொரு காரணம், ஒருவகைக் கார்பாக்சிசோம் உருவாகும் விதம். சிசிஎம்எம் என்ற புரதம் முதலில் ரூபிஸ்கோவைத் திரள்துளியாகச் சேர்க்கிறது. ஓடு அப்புறம்தான் அதைச் சுற்றி மூடுகிறது. அதாவது, திரள்துளியாகத் தொடங்கி புரதப்பேழையாக முடிகிறது. "சவ்விலா நுண்ணுறுப்பு" என்ற ஒரே பெயரை வைத்துக்கொண்டு இந்த வாக்கியத்தை எழுதிப் பாருங்கள், வராது.

சரி, இப்படித் துளிகள் சுற்றியுள்ள கரைசலிலிருந்து, நீரிலிருந்து எண்ணெய் பிரிவதுபோலத் தனியே பிரியும் ஃபேஸ் செப்பரேஷனுக்கு என்ன செய்வது? இலங்கைப் பாடநூல்களில் ஃபேஸுக்கு "அவத்தை" என்ற சொல் இருக்கிறது. "அவத்தைப் பிரிவு" எனலாம். தமிழகத்து மாணவர் காதில் அது "அவஸ்தை" என்று விழுமோ என்பதுதான் என் தயக்கம். இலங்கை நண்பர்களும் இங்கே வேதியியல் கற்பிப்பவர்களும் சொல்லுங்கள்.