ஓணம் கழிந்த கேந்தி (துலுக்கச் சாமந்தி), வாடாமல்லி: ஐப்பசி மழைக்கு முன்னால் எதைப் பிடுங்க, எதை விட?

தக்கலை மொட்டைமாடி:
ஓணத்துக்கென்று ஆனிக் கடைசியில் வச்ச கேந்தி 14 பை, வாடாமல்லி 6 பை, தரையில் ஒரு பாத்தி கோழிக்கொண்டை. இப்போ புரட்டாசி பாதி தாண்டியாச்சு. கேந்தியில் பூ சிறுத்துப்போச்சு. மழை பெய்த மறுநாள் விரிந்த பூவெல்லாம் நடுவில் பழுப்பாகிக் கொழகொழன்னு ஆகுது. வாடாமல்லிக்கு ஒரு குறையும் இல்லை. தரையில் இரண்டு மூடு (செடி) பிச்சி, அதாவது ஜாதிமல்லி, வேலியில் ஏறின செங்காந்தள் ஒண்ணு. அடைமழை பிடிக்கிறதுக்குள்ளே எதைப் பிடுங்கணும்? விதை எடுக்க நேரம் இருக்கா? பிச்சியை இப்பவே கவாத்து பண்ணலாமா? பை மண்ணைத் திரும்பப் போடலாமா?

தோவாளை வரப்பு:
முதல்ல விதையைப் பாருங்க அக்கா, அதுக்குத்தான் நாள் கம்மி. கேந்தியில் பெரிய பூ தந்த 3 செடியை மட்டும் விட்டுட்டு மற்றதை இந்த வாரமே எடுத்திடுங்க. அழுகின பூ மேல் சாம்பல் நிறத்தில் பூஞ்சை படர்ந்தா பக்கத்து மொட்டுக்கும் அதிலிருந்துதான் தொற்றும். விட்ட செடியில் புது மொட்டைக் கிள்ளிடுங்க, சத்து விதைக்குப் போகும்.

பூவின் அடிக்கிண்ணம் பச்சை போய்ப் பழுப்பானதும், வெயில் அடிக்கிற நாளாப் பார்த்து, பனி ஈரம் காய்ந்த பிறகு பறிக்கணும். கிண்ணத்தைப் பிரிச்சா ஊசி மாதிரி விதை இருக்கும்: ஒரு பாதி கறுப்பு, மறுபாதி வைக்கோல் நிறம். கறுப்புப் பாதியை நகத்தால் அழுத்திப் பாருங்க. விறைப்பா நின்னா விதை, தட்டையா மடங்கினா உள்ளே ஒன்றுமில்லாத சாவி (பதர்). நிழலில் 5 நாள் காயவச்சு, காகித உறையில் போட்டு, பெயரும் நிறமும் எழுதி, மூடி இறுகின பாட்டிலில் வைங்க. பாலிதீன் பையில் நேரடியா போட்டா வேர்த்துப் பூசணம் பிடிக்கும். மழை விடலைன்னா பாதி பழுத்த பூவைக் காம்போடு வெட்டித் திண்ணையில் தலைகீழாத் தொங்கவிடலாம்.

கடையில் வாங்கின ஹைபிரிட் நாற்றா இருந்தா விதைக்காக மெனக்கெட வேண்டாம், அடுத்த செடி தாய் மாதிரி வராது. மொட்டில்லாத 10 செ.மீ. நுனித்தண்டை வெட்டி, கீழ் இலைகளைக் கிள்ளி, ஆற்றுமணலும் தென்னை நார்க்கழிவும் சரிபாதி கலந்து நட்டு, சாரல் படாத வெளிச்சத்தில் வைங்க. சுமார் 2 வாரத்தில் வேர் பிடிக்கும்.

கோழிக்கொண்டைக்குச் சிரமமே இல்லை. கொண்டையின் அடியோரத்தைத் தாள் மேல் தட்டினா பளபளன்னு கடுகைவிடச் சின்ன விதை கொட்டும். வாடாமல்லி விதை பஞ்சுக்குள்ளே இருக்கும், காய்ந்த கொண்டையை மணலோடு உள்ளங்கையில் தேய்க்கணும். அதை அவசரப்பட்டுப் பிடுங்க வேண்டாம், தண்ணீர் தேங்காத பையில் இன்னும் நிற்கும்.

குளச்சல் வீட்டுத்தோட்டம்:
பிச்சியை இப்பவே வெட்டிடலாம். மழையில் தளிர் சீக்கிரம் வரும்.

பூதப்பாண்டி:
தளிர் வரும்தான், ஆனா இப்ப பிச்சியில் கத்தி வைக்காதீங்க. ஐப்பசி, கார்த்திகையில் வெட்டுவாய் காயவே காயாது. அங்கிருந்து கம்பு கறுத்துக்கிட்டே கீழே இறங்கும். வர்ற தளிரும் வெயில் இல்லாம வெளிறி நீளும். பிச்சிக்குக் காலம் டிசம்பர் கடைசி வாரம், தரையிலிருந்து 75 செ.மீ. விட்டு வெட்டணும். மல்லிக்கு நவம்பர் கடைசி, 50 செ.மீ. முல்லைக்கு ஜனவரி கடைசி, 45 செ.மீ. மூன்றையும் ஒரே நாளில் வெட்டித்தான் பல வீடுகளில் ஒரு பருவப் பூவை இழக்கிறாங்க.

இப்போதைக்குப் பட்டுப்போன குச்சியையும் மண்ணைத் தொடுகிற கொடியையும் மட்டும் எடுத்துட்டு, மூட்டைச் சுற்றி மண் அணைச்சு, தண்ணீர் விலகி ஓட ஒரு சால் இழுத்துவிடுங்க. தக்கலை, குலசேகரம் பக்கம் தோவாளையைவிட மழை அதிகம், அதனால் சால் கட்டாயம்.

மார்கழியில் வெட்டின பிறகு தடித்த கம்புகளின் வெட்டுவாயில் போர்டோ பசை (பூஞ்சையைத் தடுக்கிற பூச்சு) தடவணும். 100 கிராம் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) அரை லிட்டர் தண்ணீரில், 100 கிராம் சுண்ணாம்பு அரை லிட்டரில், பிளாஸ்டிக் வாளியில் தனித்தனியா கரைச்சு ஒன்றாக்குங்க. அரிவாள் நுனியை ஒரு நிமிஷம் முக்கி எடுங்க. இரும்பில் செம்பு நிறம் படிந்தா சுண்ணாம்பு பத்தலை, இன்னும் கொஞ்சம் சேர்க்கணும்.

தக்கலை மொட்டைமாடி:
ரொம்ப நன்றி. மண் ஈரமா இருந்தும் மூணு கேந்தி மட்டும் வாடித் தொங்குது. அந்தப் பை மண்ணும் ஆகுமா?

தோவாளை வரப்பு:
பிடுங்கி ஒரு வேரை விரலிடுக்கில் இழுத்துப் பாருங்க. மேல்தோல் உறை மாதிரி கழன்று உள்ளே நூல் மட்டும் மிஞ்சினா வேரழுகல். அந்தச் செடியை உரக்குழியில் போடக்கூடாது, அந்த மண்ணைப் பூச்செடிக்கும் கொடுக்காதீங்க. பையின் அடித்துளை அடைச்சிருக்கும், குச்சியால் குத்திவிட்டு, பையைச் செங்கல் மேல் ஏற்றி வைங்க.

நல்ல செடிகளை வேரோடு நறுக்கி, பிச்சி, மல்லியை விட்டுத் தள்ளி, வாழை மூட்டில் புதைக்கலாம். கேந்தி வேரில் உள்ள பொருள் வேர்முடிச்சு நூற்புழுவை அடக்கும். நல்ல பை மண்ணுக்கு டிரைக்கோடெர்மா (நோய்ப் பூஞ்சையை அடக்குகிற நல்ல பூஞ்சை) 100 கிராம், உலர்ந்து பொடித்த சாணி 9 கிலோ, வேப்பம்புண்ணாக்கு 1 கிலோ கலந்து, பிடிச்சா உருண்டையாகிற அளவு மட்டும் தண்ணீர் தெளிச்சு, ஈரச்சாக்கு மூடி நிழலில் 2 வாரம். நடுவில் ஒருமுறை கிளறணும். பைக்கு இரண்டு கைப்பிடி போதும். அடுத்து கேந்தியே வைக்காம கீரையோ பயறோ போடுங்க.

செங்காந்தளை யாரும் சொல்லலையே. பூ முடிஞ்சு கொடி மஞ்சளானதும் தண்ணீரை நிறுத்துங்க. பச்சையா இருக்கும்போது வெட்டினா கிழங்கு தேறாது. தண்டு தானா காய்ந்து விழுந்த பிறகு, ஒரு சாண் தள்ளிக் கம்பி விட்டுக் கிளறணும். கிழங்கு கலப்பை மாதிரி இரண்டு கை விரிச்சிருக்கும், ஒவ்வொரு கை நுனியிலும் ஒரே ஒரு முளை. அது உடைந்தா அந்தக் கை முளைக்காது. முழுக்க விஷம், கையுறை போட்டுத் தொடுங்க. காய்ந்த மணலில் புதைச்சு, பிள்ளைகளுக்கும் ஆட்டுக்கும் எட்டாத இடத்தில் ஆனி வரைக்கும் வச்சிருக்கலாம்.