ஓகம் கல்லா, விளிம்பெழுத்துக் கல்லா? வியாழனுக்குள் ஒரு சொல் வேண்டும்

செ. எழுதியது:

குழுவினருக்கு வணக்கம். அயர்லாந்தில், கார்க் நகரில், வாரயிறுதித் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். வரும் சனிக்கிழமை பிள்ளைகளைக் கில்லார்னி பக்கம் டன்லோவுக்குக் கூட்டிப்போகிறோம். அங்கே, கல் விளிம்பில் கீறல்களாக வெட்டிய பழைய ஐரிஷ் எழுத்து (Ogham) உள்ள எட்டுப் பழங்கற்களை ஓரிடத்தில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அவற்றில் ஏழு, 1838இல் கூல்மகோர்ட் என்ற இடத்தில் ஒரு நிலவறைக்குள் கிடைத்தவை. கூரைக்கும் முட்டுக்கும் எவரோ பிடுங்கிப் போட்டிருந்தார்கள்.

ஒரு பக்கத் துண்டுத்தாளுக்கு மூன்று சொல் தேவை. அந்த எழுத்துமுறைக்கு ஒன்று, கல்லுக்கு ஒன்று, கீறல்களுக்கெல்லாம் நடுக்கோடாக நிற்கும் கல் விளிம்புக்கு ஒன்று. வியாழன் மாலை அச்சுக்குப் போகிறது. படிப்பவர்களுக்குப் பத்து வயது என்பதை மறக்க வேண்டாம்.

இரா. எழுதியது:

இதற்கு ஏன் புதுச்சொல், அம்மா? ஐங்குறுநூறு 352ஐப் பாருங்கள்: "எழுத்துடை நடுகல்". பெயர் பொறித்து நட்ட கல். இரண்டாயிரம் ஆண்டாகக் காத்திருக்கும் சொல்லை விட்டுவிட்டு ஐரிஷ்காரன் வாயில் நுழைவதை நாம் ஏன் சுமக்க வேண்டும்?

பொ. எழுதியது:

> நடுகல்லே போதும்

போதாது ஐயா. நடுகல் என்றதும் நம் பிள்ளை மனத்தில் வில்லோடு நிற்கும் மறவன் வருவான். இந்தக் கற்களில் உருவமும் இல்லை, போரும் இல்லை. இன்னாருடைய, இன்னார் மகனுடைய, இன்ன குலத்தாருடைய, அவ்வளவுதான். நம் புலிமான்கோம்பை நடுகல்லில் ஆகோள் (ஆநிரை கவர்தல்) என்று காரணம் எழுதியிருக்கிறது, 'கல்' என்ற சொல்லே இருக்கிறது. இங்கே அதுவும் கிடையாது. பழைய ஐரிஷ் சட்ட நூல்கள் ஓகம் பொறித்த கல்லை நில உரிமைக்குச் சான்றாகச் சொல்கின்றன. அப்படியானால் பாதி எல்லைக்கல். 'நடுகல்' போட்டால் பொருளே திரிந்துவிடும்.

என் ஓட்டு ஒலிபெயர்ப்புக்கு: ஓகம் கல். ஆனால் ஒரு சிக்கல். தனித்தமிழ் அன்பர்கள் யோகத்தை 'ஓகம்' என்று எழுதி வைத்திருக்கிறார்கள். 'ஓகக்கல்' என்று தேடினால் யாராவது பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் படம்தான் வரும்.

செ. எழுதியது:

இன்னொன்றும் உண்டு. இங்கே ஐரிஷ் பேசுபவர்கள் இன்று 'ஓ-அம்' என்றுதான் சொல்கிறார்கள். என் வகுப்பில் அது 'ஓம்' ஆகிவிட்டது. பள்ளியில் ஐரிஷ் படிக்கும் பிள்ளைகளே சிரிக்கிறார்கள்.

க. எழுதியது:

பழைய ஐரிஷில் நடுவில் ஒலித்தது உரசி மெலிந்த ககரம். நம் 'அகம்', 'நகம்' சொல்லும்போது தொண்டையில் வருகிறதே, கிட்டத்தட்ட அதுவே. ஆகவே 'ஓகம்' என்று எழுதி இயல்பாகப் படித்தால் இன்றைய ஐரிஷ்காரரைவிட நாம் பழைய ஒலிக்குப் பக்கத்தில் இருப்போம். கிரந்த ஹகரம் கேட்டு யாரும் வர வேண்டாம்.

நா. எழுதியது:

ஓகம் < ஓங்கு. ஓங்கி நிற்கும் கல். இது போதாதென்றால் கல்வெட்டுகளில் திரும்பத் திரும்ப வரும் சொல்லைப் பாருங்கள்: 'மக்வி'. பொருள் என்ன? மகனுடைய! மக, மகன், மகவு. குமரிக்கண்டம் பேசினால் சிரிப்பவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும்.

க. எழுதியது:

சொல்கிறேன் நா. அண்ணா. அந்தச் சொல்லில் இருப்பது வெறும் ககரம் இல்லை, இதழ் குவித்துச் சொல்லும் 'க்வ'. ஓகத்தில் அதற்குத் தனி எழுத்தே உண்டு. அந்த ஒலி ஐரிஷில் பின்னால் ககரமாகி 'மாக்' ஆயிற்று, வேல்ஸில் பகரமாகி 'மாப்' ஆயிற்று. வேல்ஸில் காஸ்டெல்டுவைரன் என்னும் ஊரில் கிடைத்த கல்லில் ஒரே மனிதன் பெயர் லத்தீனில் 'வோட்டெபோரிகிஸ்', ஓகத்தில் 'வோட்டெகோரிகஸ்'. ப-வுக்குக் க. உங்கள் 'மகன்' இந்த வரிசையில் எங்கே ஏறுகிறார்? வேல்ஸ்காரர் 'மபன்' என்றா சொன்னார்?

நா. எழுதியது:

திரிபு எந்தப் பக்கம் நடந்தது என்று கல் சொல்லவில்லையே.

மட்டுறுத்துநர்: மகன் பேச்சைத் தனி இழைக்கு மாற்றுங்கள். வியாழன் வருகிறது.

இரா. எழுதியது:

சரி, நடுகல்லை விடுகிறேன், மனமில்லாமல். ஆனால் ஓர் இலக்கண நயத்தைச் சொல்லாமல் போக முடியாது. பெயரெல்லாம் ஆறாம் வேற்றுமையில் நிற்கிறது, ஆனால் உடைமைப் பொருள் எழுத்தில் இல்லை. 'டேகோவினது' என்றால் எது? கல்தான். கல் தானே நிற்பதால் சொல்லத் தேவையில்லை! நம்மில் உருபு தொகும். அங்கே உருபு நிற்க, வருமொழி தொகுகிறது. இதற்கு என்ன தொகை என்று பெயர் வைப்பது?

பொ. எழுதியது:

கல்தொகை.

(மன்னிக்கவும்.) விளிம்புக்கு வருவோம். ஐரிஷில் அதற்குப் பெயர் 'த்ரும்', முதுகு அல்லது மலைமுகடு. எழுத்து கீழிருந்து மேலேறும், இடமிருந்தால் தலையைச் சுற்றி மறுபக்கம் இறங்கும். விளிம்புக்கு வலப்பக்கம் ஒன்று முதல் ஐந்து வெட்டு, ஓரினம். இடப்பக்கம் ஐந்து, இன்னோரினம். சாய்வாகக் குறுக்கே வெட்டினால் மூன்றாவது. விளிம்பிலேயே சின்னப் பள்ளமாக ஐந்து உயிர்: அ, ஒ, உ, எ, இ. ஆக இருபது. 'முதுகுக்கோடு' என்று வைக்கலாம்.

இரா. எழுதியது:

உயிருக்குத் தனி இனம் வைத்தவன் இலக்கணம் அறிந்தவன்! ஆனால் 'முதுகுக்கோடு' கூனலை நினைவூட்டுகிறது. 'முகட்டுக்கோடு'.

செ. எழுதியது:

பத்து வயதுக்கு முகடு தெரியாது ஐயா, விளிம்பு தெரியும். கார்க் பல்கலைக்கழகத்தில் கல் நடைபாதை என்று ஒரு கூடமே இருக்கிறது. 28 ஓகம் கற்கள். போன மாதம் பிள்ளைகள் அங்கே விரலை விளிம்பிலிருந்து எடுக்காமல் தடவிப் பார்க்க ஆசைப்பட்டார்கள். தொடக்கூடாது என்று தடுத்தேன். முதலில் தேய்ந்துபோவது அந்த உயிர்ப் பள்ளங்கள்தாம்.

வெட்டுகளுக்கும் சொல் சொல்லுங்கள். ஐரிஷில் 'குச்சி' என்கிறார்களாம். நான் 'கொம்பு' போட்டிருந்தேன்.

பொ. எழுதியது:

'கொம்பு' வேண்டவே வேண்டாம்! ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு படிக்கும் பிள்ளை குழம்பிவிடும். 'கீறல்' போதும்.

நா. எழுதியது:

எழுத்தை மரம் என்றும் கீறலைக் குச்சி என்றும் சொல்கிறார்கள். முதலெழுத்தின் பெயரே பிர்ச் மரம். 'மரவெழுத்து' என்று வையுங்கள், பிரச்சினை முடிந்தது. நெடுங்கணக்கும் அரிச்சுவடியும் வைத்திருக்கும் நமக்கு மரவெழுத்து அந்நியமா?

க. எழுதியது:

எல்லாப் பெயரும் மரம் என்றது இடைக்கால உரைகாரர் ஆசை, அண்ணா. உண்மையில் மரப்பெயர் சிலவே. கல்லில் வெட்டியதை மரவெழுத்து என்றால் பிள்ளைகள் மரத்தைத் தேடுவார்கள்.

பொ. எழுதியது:

ஒருங்குறியில் (யூனிகோட்) 1999 முதல் ஓகம் இருக்கிறது, இடைவெளிக்குறி உட்பட 29 குறிகள். அந்த இடைவெளியே கோடாகத் தெரியும். கண்ணுக்குத் தெரியும் வெற்றிடம். 'விளிம்பெழுத்து' என்று வைத்தால் திரையில் விளிம்பு எங்கே? சுவடிகளிலேயே விளிம்பு போய்க் கோடு வந்துவிட்டது. எழுத்துமுறைக்குப் பெயர் ஓகம், கல்லில் மட்டும் விளிம்பு.

செ. எழுதியது:

அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன். எழுத்து: ஓகம். கல்: ஓகம் கல், ஒட்டாமல், இடைவெளி விட்டு. கோடு: விளிம்புக்கோடு. வெட்டு: கீறல். அடியில் பயிற்சியாக 'மக்வி' வைத்தேன்: சாய்ந்த கீறல் ஒன்று, பள்ளம் ஒன்று, இடப்பக்கம் ஐந்து, பள்ளம் ஐந்து. இந்தச் சொற்களுக்கு ஐந்து பேர் சரி என்றீர்கள். இரா. ஐயா பதில் சொல்லவில்லை.

இரா. எழுதியது:

பதில் சொல்லாதது சம்மதம் அல்ல. 'ஓகம் கல்'லில் புணர்ச்சி எங்கே? மகரம் கெட்டு 'ஓகக்கல்' என்றே வர வேண்டும். யோகக்காரர்கள் வேண்டுமானால் வேறு சொல் தேடிக்கொள்ளட்டும்.

நா. எழுதியது:

வழிமொழிகிறேன். மகன் பற்றிய புது இழை இன்றிரவு தொடங்குகிறேன்.